‘ஓசையற்ற’ காற்றாலை: எந்த எண்ணை நம்புவது?

சிறிய செங்குத்து அச்சுக் காற்றாலைகளின் விளம்பரங்களில் இரண்டு வாசகங்களை அடிக்கடி காணலாம். எத்திசைக் காற்றிலும் சுழலும் என்பது ஒன்று. ஓசையின்றிச் சுழலும் என்பது மற்றொன்று. முதலாவது உண்மை. இரண்டாவதற்குச் சான்றாக ‘40 டெசிபெல்’ என்பது போன்ற ஓர் எண் தரப்படும். அந்த எண் எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பதை இங்கு ஆராய்வோம்.

விளம்பரத்தின் பக்கம் ஓரளவு நியாயம் உண்டு. இறக்கையின் பின்விளிம்பில் எழும் ஒலியின் திறன், இறக்கையின் வேகத்தின் ஏறக்குறைய ஐந்தாம் அடுக்கைப் பொறுத்தது. வேகம் பாதியானால் ஒலி 15 டெசிபெல் குறையும். செங்குத்து அச்சுச் சுழலிகள் பொதுவாக மெதுவாகச் சுழல்பவையே. ஆனால் டாரியஸ் வகைச் சுழலியில், ஒவ்வொரு சுற்றிலும் இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் மாறிக்கொண்டே இருக்கிறது. பின்பக்கம் வரும்போது, முன்பக்கத்து இறக்கைகள் கலக்கிவிட்ட காற்றையே அது வெட்டிச் செல்கிறது. எனவே ஒலி ஏறி இறங்கித் துடிக்கிறது. மூன்று இறக்கைகள் நிமிடத்திற்கு 120 சுற்றுகள் சுழன்றால் விநாடிக்கு ஆறு துடிப்புகள். சீரான ஒலியைவிடத் துடிக்கும் ஒலியே காதை அதிகம் உறுத்தும். சராசரி டெசிபெல்லோ இதைக் காட்டுவதில்லை.

இனி, தூரத்திற்கு வருவோம். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபெல் குறையும். அமெரிக்கக் காற்றாற்றல் சங்கம் 2009இல் வெளியிட்ட சிறு காற்றாலைத் தரநிலை, 60 மீட்டர் தூரத்திற்கே ஒலியளவைக் குறிப்பிடச் சொல்கிறது. அங்கே 40 டெசிபெல் என்றால் 7.5 மீட்டரில் 58 டெசிபெல்! கூரைமீது நிற்கும் காற்றாலைக்கு 60 மீட்டர் தள்ளியா நாம் உறங்குகிறோம்?

மூன்றாவது சிக்கல் பின்னணி இரைச்சல். காற்றாலை சுழல வேண்டுமானால் காற்று வீச வேண்டும். வீசினால் மரங்களும் சலசலக்கும், ஒலிவாங்கியின் மீதே காற்று மோதியும் இரையும். சுழலி ஓடும்போது 48, நிறுத்தியபோது 45 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். டெசிபெல் மடக்கை அளவு ஆகையால் விடை 3 அன்று; சுழலியின் பங்கு 45 டெசிபெல். பின்னணி உண்மையில் 47 ஆக இருந்திருந்தால் அப்பங்கு 41 ஆகிவிடும். இரண்டு டெசிபெல் பிழை நான்காகப் பெருகுகிறது. ஆகவேதான் ஐ.இ.சி. 61400-11 என்னும் சர்வதேசத் தரநிலை, இரண்டு அளவுகளுக்கும் இடையே 3 டெசிபெல்லுக்கு மேல் வேறுபாடு இல்லாத முடிவுகளை ஏற்பதில்லை. ஓசை குறைந்த சுழலியை அளப்பதே கடினம் என்பது இதிலுள்ள வேடிக்கை.

அத்தரநிலை ஒலிவாங்கியைத் தரையில் பலகைமீது வைக்கச் சொல்வதும் சிறந்த ஏற்பாடே. தரையருகில் காற்றின் வேகம் குறைவு. பலகையின் எதிரொலிப்பால் கூடும் 6 டெசிபெல்லைக் கணக்கில் கழித்துவிடலாம். ஆனால் ஒன்றை அது அளப்பதில்லை. சுழலியின் அதிர்வு கம்பம் வழியாகக் கட்டடத்தில் இறங்கினால் சுவரே ஒலிபெருக்கியாகும்.

இது வெறும் கற்பனை அன்று. பிரிட்டனில் கட்டடங்கள்மீது நிறுவிய 26 சிறு காற்றாலைகளை ஆராய்ந்த வார்விக் சோதனையின் அறிக்கை 2009இல் வெளிவந்தது. அவற்றுள் நன்கு மின்சாரம் தரக்கூடியவை உயர்ந்த மாடிக் கட்டடங்களில் இருந்தவையே. ஆயினும் குடியிருப்போரின் இரைச்சல் புகார்களால் சோதனையின் பெரும்பகுதிக் காலம் அவை நிறுத்திவைக்கப்பட்டன. அவை கிடை அச்சுக் காற்றாலைகள்தாம். எனினும் அதிர்வு அச்சின் திசையைப் பார்த்து இறங்குவதில்லை.

ஆகவே வாசகர்களே, அடுத்த முறை ‘40 டெசிபெல்’ என்று படிக்கும்போது நான்கு கேள்விகள் கேளுங்கள்: எவ்வளவு தூரத்தில்? எவ்வளவு காற்றில்? பின்னணி எவ்வளவு? கூரைக்குக் கீழே உள்ள அறையில் யாராவது அளந்தார்களா? இவற்றிற்கு விடை இல்லாத எண் அளவீடு ஆகாது, வெறும் விளம்பரமே.