‘பாலின விகிதம்’: கலைச்சொல்லும் மொழிபெயர்ப்பாளர் பொறுப்பும்

பெங்களூரின் தென்பகுதியில் ஓசூர்ச் சாலையையொட்டி அமைந்தது பொம்மனஹள்ளி. கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது பேசுவோர் அங்கு அடுத்தடுத்து வாழ்கின்றனர். கருவின் பாலைக் கண்டறிந்து கூறுவது குற்றம் என்னும் அறிவிப்பை ஸ்கேன் நிலையங்கள் ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் வைத்தல் வேண்டும் என்பது 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த விதி. இவ்விதிக்குக் காரணமான புள்ளிவிவரங்களைத் தமிழில் தர முற்படுவோர் முதலில் எதிர்கொள்ளும் தொடர் ‘பாலின விகிதம்’ என்பதாகும். அதன் வழக்கில் காணப்படும் இரு குறைகளை இக்கட்டுரை சுட்டுகிறது.

முதலாவது, அளவையின் திசை. இந்தியக் கணக்கெடுப்பு 1000 ஆண்களுக்கு எத்தனை பெண்கள் எனக் கணக்கிடுகிறது. பன்னாட்டு நூல்கள் பெரும்பாலும் 100 பெண்களுக்கு எத்தனை ஆண்கள் என்கின்றன. 2011இல் ஆறு வயது வரையிலான இந்தியக் குழந்தைகளின் விகிதம் 919. மறுமுறையில் அதுவே ஏறத்தாழ 109. எனவே ‘விகிதம் உயர்ந்தது’ என்று மட்டும் பெயர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும். மேலும், இயல்பாகவே 100 பெண் மகவுகளுக்கு ஏறத்தாழ 105 ஆண் மகவுகள் பிறத்தலின், ஒப்புநோக்க வேண்டிய எண் 1000 அன்று, 950 அளவினதே. அவ்வாண்டில் கர்நாடகம் 948, தமிழ்நாடு 943 என்பன இவ்வளவைக்கு அணுக்கமானவை. ஆயின் மாநிலச் சராசரி மாவட்டத்தை மறைக்கும். அதே ஓசூர்ச் சாலை இட்டுச்செல்லும் தருமபுரியில் 2001இல் இருந்தது 826; 2011இல் அது 913 ஆயிற்று.

இரண்டாவது, ‘ஆண் குழந்தை விருப்பம்’ என்னும் தொடர். பெற்றோர் எத்தனை ஆண் குழந்தைகளை வேண்டுகின்றனர் என வினவும் ஆய்வுக்கு இது பொருந்தும். காரணத்தை விளக்குமிடத்து இது பொருந்தாது; குடும்பத்தின் கட்டமைப்பைத் தனிமனிதச் சுவையாகச் சுருக்கிவிடுகிறது. திருமணத்தோடு முடியாது தலைப்பிரசவம், காதணி எனத் தொடரும் சீர், கொள்ளி வைக்க மகனே வேண்டும் என்னும் மரபு, முதுமையில் மகன் வீடே புகலிடம் என்னும் எதிர்பார்ப்பு ஆகியன விருப்பங்கள் அல்ல, வழக்கங்கள். தமிழகம் 1989இலேயே மகளுக்கும் பூர்விகச் சொத்தில் சம உரிமை வழங்கிற்று. எனினும் வழக்கம் சட்டத்தின் வேகத்தில் மாறவில்லை. ‘போதும்பொண்ணு’ என்னும் இயற்பெயரே இதற்குச் சான்று. அது மகளை அழைக்கும் பெயராயினும், உண்மையில் அடுத்த மகவுக்கான வேண்டுதல். அதனை ஒலிபெயர்த்து மட்டும் விடும் மொழிபெயர்ப்பு அவ்வேண்டுதலை இழக்கிறது.

ஆகவே ‘விகிதம்’ வருமிடந்தோறும் ‘1000 ஆண் குழந்தைகளுக்கு இத்தனை பெண் குழந்தைகள்’ என விரித்தெழுதுவதும், காரணம் கூறுமிடத்து ‘ஆண் மகவுச் சார்பு’ என ஆளுவதும் தக்கன. சார்பு என்னும் சொல் தாயின் மனத்தை மட்டுமன்றி, அவளைச் சூழ்ந்த உறவினரையும் பொறுப்புக்கு உள்ளாக்கும். இல்லையேல், பிறவாத மகளுக்கான பழியைத் தாய் ஒருத்தியே சுமக்கும்படி நம் சொற்கள் செய்துவிடும்.