இரு லாசருக்கள்: விக்ரோறியா கால இரங்கல் இலக்கியத்தில் மறுமை நம்பிக்கை

ஆங்கில இலக்கிய வரலாற்றிலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி, கிறிஸ்தவ மறுமை நம்பிக்கை கடுஞ்சோதனைக்கு உள்ளாகிய காலப்பகுதியாகும். அந்நம்பிக்கை அப்பொழுது மங்கிவிடவில்லை. மிகவும் உரத்துப் பேசப்பட்டது. உரத்துப் பேசவேண்டியிருந்தமையே நெருக்கடிக்குச் சான்று. இரண்டாண்டு இடைவெளியில் வெளிவந்த இரு நூல்கள் இவ்வகையில் எமது கவனத்தை ஈர்க்கின்றன. ஒன்று, எலிசபெத் கஸ்கெல் 1848 இல் வெளியிட்ட ‘மேரி பார்ட்டன்’ என்னும் நாவல். மற்றது, அல்பிரட் ரெனிசன் 1850 இல் வெளியிட்ட ‘இன் மெமோரியம்’ என்னும் நெடுங்கவிதை. இரண்டும் முதற்கண் ஆசிரியர் பெயரின்றியே அச்சேறின. இரண்டுக்கும் பின்னால் ஒரு மரணம் நிற்கின்றது. ரெனிசனின் உயிர்த்தோழனும் அவருடைய தங்கைக்கு மணமகனாக நிச்சயிக்கப்பட்டிருந்தவனுமாகிய ஆர்தர் ஹென்றி ஹலம் 1833 செப்டெம்பர் 15 ஆம் திகதி வியன்னா நகரில் தனது இருபத்திரண்டாவது வயதிற் காலமானான். கஸ்கெல் அம்மையாரின் கைக்குழந்தை 1845 இல் செங்காய்ச்சலால் இறந்தது. அத்துயரினின்றும் மனத்தைத் திருப்புமாறு கணவர் தூண்டியதன் பேரிலேயே அவர் நாவல் எழுதத் தொடங்கினார்.

வழக்கமாக இவ்விரு நூல்களும் வெவ்வேறு அலுமாரிகளில் வைக்கப்படுவன. ஒன்று மதக் கவிதை எனவும் மற்றது கைத்தொழில் நாவல் எனவும் வகுக்கப்பட்டு, ஒன்றைக் கற்பவர் மற்றதைப் பாராமலே பட்டம் பெற்றுவிடலாம். இவ்வகுப்பு முறையே ஆராயத்தக்கதொரு கருத்துநிலையின் விளைவு என்பது எமது எண்ணம். துயரம் தனிமனித ஆன்மாவுக்கு உரியது, வறுமை சமூகத்துக்கு உரியது என்னும் பிரிப்பு அதனுள் மறைந்து கிடக்கின்றது.

முற்போக்கு விமர்சகர்களாகிய நாமும் இவ்விடயத்திற் குற்றமற்றவர்கள் அல்லர். மறுமை என்ற சொல்லைக் கேட்டதுமே ‘அபின்’ என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குச் செல்லும் பழக்கம் எம்மிடையே வேரூன்றியுள்ளது. மார்க்ஸ் 1844 இல் பாரிசிலிருந்து வெளியான சஞ்சிகையில் எழுதிய அக்கட்டுரையை முழுமையாகப் படிப்பவர், அவர் மதத்தை மெய்யான துன்பத்தின் வெளிப்பாடாகவும் அதேவேளை அத்துன்பத்துக்கு எதிரான முறையீடாகவும் கண்டார் என்பதை அறிவர். முறையீடு என்ற பாதி எமது எழுத்துக்களிற் காணாமற் போய்விட்டது. சில ஆண்டுகளுக்கு முன்னர் நெருங்கிய தோழர் ஒருவரின் மரண வீட்டில் நாம் அவரது பணிகளைப் பற்றி நெடுநேரம் உரையாற்றினோம். செபமாலையுடன் சுவரோரமாக அமர்ந்திருந்த அவருடைய தாயாரிடம் சொல்வதற்கு எம்மிடம் ஒரு வாக்கியமும் இருக்கவில்லை. அந்த மௌனம் கோட்பாட்டு ரீதியானதா அன்றிக் கோழைத்தனமா என்று இன்றுவரை எம்மால் தீர்மானிக்க முடியவில்லை. இக்கட்டுரை ஓரளவுக்கு அதிலிருந்தே பிறந்தது.

ரெனிசனை முதலில் நோக்குவோம். பதினேழு ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக எழுதப்பட்டுப் பின்னர் கோக்கப்பட்ட பகுதிகளால் ஆனது ‘இன் மெமோரியம்’. இன்றைய பதிப்புக்களில் முகவுரையும் முடிவுரையும் நீங்கலாக 131 பகுதிகள் உள்ளன. நான்கடிச் செய்யுளின் முதலடியும் ஈற்றடியும் ஓரியைபும், நடுவிரண்டடிகளும் வேறோரியைபும் பெறும். முன்னோக்கிச் செல்ல முயன்று, தொடங்கிய ஓசைக்கே திரும்பி வந்து மூடிக்கொள்ளும் இவ்வடிவம், துயருற்ற மனத்தின் நடையை ஒத்தது. ஐந்தாம் பகுதியிலே கவிஞர் ஒரு முக்கியமான ஒப்புதலைச் செய்கின்றார்: அளந்தமைத்த மொழியைப் பயிலுதல், வலியை மரக்கச் செய்யும் மருந்து போன்றது என்கிறார். மார்க்ஸ் மதத்தைப் பற்றிக் கூறிய அதே உவமையை ரெனிசன் கவிதையைப் பற்றிக் கூறுகின்றார் என்பது மனங்கொள்ளத்தக்கது. இது வெறும் தற்செயலன்று. அக்கால ஐரோப்பிய இல்லங்களில் அபின் சாதாரண வலிநிவாரணியாக இருந்தது.

இக்கவிதையின் நெருக்கடி 54 முதல் 56 வரையுள்ள பகுதிகளில் உச்சமடைகின்றது. சாள்ஸ் லயலின் புவிச்சரிதவியல் நூலை ரெனிசன் 1837 அளவிற் படித்திருந்தார். பாறைப் படைகளிற் புதைந்து கிடக்கும் அழிந்த உயிரினங்கள், இயற்கைக்குத் தனியுயிர் மீது மட்டுமன்றி இனத்தின் மீதும் அக்கறையில்லை என்பதை அவருக்கு உணர்த்தின. டார்வினின் நூல் 1859 இலேயே வெளிவந்தது. அதற்கு முன்னரே இக்கவிதை அந்த அச்சத்துக்கு வடிவம் கொடுத்துவிட்டது. இக்கவிதை மதக்கவிதையாவது அதன் விசுவாசத்தின் தரத்தினால் அன்று, ஐயத்தின் தரத்தினாலேயே என்னும் பொருள்பட எலியற் 1936 இல் எழுதினார். எலியற்றின் அரசியலோடு எமக்கு உடன்பாடு சிறிதும் இல்லையெனினும், இம்மதிப்பீட்டை மறுப்பதற்கில்லை. முகவுரையில் ஒலிக்கும் உறுதியான விசுவாசம் 1849 இல், ஏனைய பெரும்பாலான பகுதிகளுக்குப் பின்னர் எழுதி முன்னே வைக்கப்பட்டது. முடிவு முதலில் நிற்கின்றது; ஐயம் உள்ளே கிடக்கின்றது.

ஆயினும் எத்தகைய மறுமையை இக்கவிஞர் வேண்டுகிறார் என்ற வினா எஞ்சுகின்றது. 47 ஆம் பகுதி இவ்விடத்தில் இன்றியமையாதது. உயிர் பேரான்மாவிற் கலந்து தன் எல்லைகளை இழக்கும் என்ற கொள்கையை ரெனிசன் வெறுப்புடன் தள்ளிவிடுகின்றார். அவர் வேண்டுவது ஹலம் ஹலமாகவே இருத்தல். சந்திக்கும்பொழுது தாம் அவனை இனங்காணுதல். இதனைத் தனியுடைமைச் சமூகத்தின் ‘நான்’ மறுமையிலும் தன் வேலியைக் கட்டிக்கொள்கிறது என்று எளிதிற் கூறிவிடலாம். நாமும் ஒருகாலத்தில் அவ்வாறு எழுதியதுண்டு. ஆனால் இறந்த குழந்தையின் முகத்தைக் காண விரும்பும் ஆலைத்தொழிலாளியும் இதனையேதான் வேண்டுகிறான். ‘இந்த ஒருவர்’ மீதான பற்றை ஒரு வர்க்கத்தின் சொத்தாக எழுதிக்கொடுப்பது விமர்சனம் ஆகாது.

வர்க்க முத்திரையைக் காணவேண்டிய இடம் வேறு. 90 ஆம் பகுதியில், இறந்தோர் உண்மையிலேயே மீண்டு வந்தால் என்ன நிகழும் எனக் கவிஞர் கற்பனை செய்கின்றார். மனைவியர் பிறர் கைப்பட்டிருப்பர். வாரிசு நிலத்தில் உலாவிக்கொண்டிருப்பான், ஒருநாளேனும் அதனை விட்டுக்கொடான். ரெனிசனின் தந்தை மூத்த மகனாயிருந்தும் குடும்பச் சொத்தின் பெரும்பகுதி இளையவருக்குச் சென்ற கசப்பை அறிந்தவர்க்கு இவ்வரிகளின் கூர்மை விளங்கும். நீ மட்டும் வா என்று நண்பனை அழைத்து அப்பகுதி முடிகின்றது. உயிர்த்தெழுதல் பரம்பரைச் சொத்துரிமைக்கு இடையூறு என்பதை விக்ரோறியா காலத்து மதக்கவிதை ஒன்று இவ்வளவு வெளிப்படையாகக் கூறியிருப்பது வியப்புக்குரியது. 71 ஆம் பகுதியில், இருவரும் பிரான்சினூடாக மேற்கொண்ட கோடைகாலப் பயணம் நினைவுகூரப்படுகின்றது. 1830 இல் நிகழ்ந்த அப்பயணம், ஸ்பானிய அரசுக்கெதிரான கிளர்ச்சியாளருக்குப் பணமும் செய்தியும் கொண்டுசென்ற பயணமாகும். அந்நோக்கம் அங்கே பேசப்படவில்லை. 127 ஆம் பகுதிக்கு வரும்பொழுது பாரிஸ் மக்களின் எழுச்சி வெறும் வெறியாட்டமாகிவிடுகின்றது. மறுமையில் மீட்கப்படும் நண்பன் தன் இளமைக்கால அரசியலை இழந்தவனாகவே மீட்கப்படுகின்றான். அல்பேட் இளவரசர் 1861 இல் இறந்த பின்னர் விக்ரோறியா மகாராணி இக்கவிதையில் ஆறுதல் கண்டமைக்கு இத்தூய்மைப்படுத்தலும் ஒரு காரணமாகலாம்.

31 ஆம் பகுதியில் ரெனிசன் யோவான் சுவிசேஷத்து லாசருவை அழைக்கின்றார். நான்கு நாள் கல்லறையிற் கிடந்து மீண்ட அவனிடம், அந்நாட்களில் எங்கிருந்தாய் எனச் சகோதரி வினவினாளா? விடை பதிவாகவில்லை. அறிவைத் தேடும் துயரத்தின் மௌனமான உச்சம் அது. ஆனால் சுவிசேஷங்களில் இன்னுமொரு லாசரு உண்டு. லூக்கா பதினாறாம் அதிகாரத்தில் செல்வனின் வாயிலிற் புண்களுடன் கிடந்த பிச்சைக்காரனே அவன். இறந்தபின் அவன் ஆபிரகாமின் மடியிலும், செல்வன் வேதனையிலும் இருக்க, இடையே கடக்கவியலாப் பெரும்பிளவு. ‘மேரி பார்ட்டன்’ நாவலின் முதலாம் அத்தியாயத்திலேயே ஆலைத்தொழிலாளியாகிய ஜோன் பார்ட்டன் இந்த இரண்டாவது லாசருவைத்தான் நினைவூட்டுகின்றான். முதலாளிகளுக்கும் தமக்குமிடையே உள்ள பிளவு அதுவே. மறுபுறத்தில் யார் நலமாயிருந்தார் என்பது தனக்குத் தெரியும் என்கிறான்.

ஒரே பெயர்; இரண்டு மறுமைகள். ஒன்று இழந்தவரைச் சேரும் இடம். மற்றது வழக்குத் தீர்க்கப்படும் மன்று.

இவ்வேறுபாட்டின் அடித்தளத்தைக் காண்பதற்கு மான்செஸ்ரரின் இறப்புக் கணக்குகளைப் பார்த்தல் வேண்டும். எட்வின் சாட்விக் 1842 இல் வெளியிட்ட சுகாதார அறிக்கையின்படி, அந்நகரில் இறந்தோரின் சராசரி வயது கனவான்களிடையே 38, வணிகரிடையே 20, தொழிலாளரிடையே 17. கிராமப்புறமான ரட்லண்டில் தொழிலாளருக்கே அது 38. ஏங்கெல்ஸ் 1845 இல் வெளியிட்ட நூலில், மான்செஸ்ரர்த் தொழிலாளரின் குழந்தைகளில் 57 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து வயதுக்கு முன் இறந்தனர் எனக் குறிப்பிடுகின்றார். ஹலம் இருபத்திரண்டு வயதில் இறந்தமை அகால மரணம் என்பதில் ஐயமில்லை. மான்செஸ்ரரில் ‘அகாலம்’ என்ற சொல்லுக்கே பொருளில்லை. அங்கே மரணம் புதிரன்று. அதற்குக் காரணம் உண்டு, காரணத்துக்கு முகவரியும் உண்டு. ஆதலின் துயருற்றவனின் வினா ‘எங்கிருந்தாய்’ என்று இறந்தவனை நோக்கிச் செல்லாமல் ‘யார் செய்தது’ என்று உயிருடன் இருப்பவரை நோக்கிச் செல்கின்றது.

மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு காட்சி உண்டு. வேலையிழந்த பார்ட்டனின் மகன் ரொம் செங்காய்ச்சலிலிருந்து தேறிவருகின்றான். சத்துள்ள உணவே உயிர் காக்கும் என்கிறார் வைத்தியர். கடைக்கண்ணாடிக்கு வெளியே பசியுடன் நிற்கும் தந்தையின் கண்முன்னே, அவனை வேலையிலிருந்து நீக்கிய முதலாளியின் மனைவி விருந்துக்கான பொருள்களுடன் வண்டியேறுகிறாள். அவன் வீடு திரும்புகையில் மகன் இறந்து கிடக்கின்றான். இக்காட்சியை நாவலாசிரியை ஒரு பத்தியிற் சொல்லிக் கடந்துவிடுகின்றார். தன் குழந்தையை இழந்த தாய் ஒருவர், அதே நோயினால் இறந்த தொழிலாளியின் குழந்தையை எழுதுகையில் ஒரு கண்ணீர்ச் சொல்லையும் மிகையாகச் சேர்க்கவில்லை. இந்நாவலின் மிகச்சிறந்த பக்கம் இதுவென்றே கருதுகின்றோம்.

ஆறாம் அத்தியாயத்தில் நிலவறையொன்றில் காய்ச்சலால் இறந்துகொண்டிருக்கும் டேவன்போட் ஒரு மெதடிஸ்தன். அவன் மனைவிக்கு எழுதிய கடிதம் கடவுள் எல்லோருக்கும் தந்தை, அனுப்புவதைப் பொறுக்கவேண்டும் என்று கூறுவதாக நண்பன் வில்சன் வியந்து சொல்கின்றான். அவர் முதலாளிகளுக்கும் தந்தையல்லவா, அவர்களைச் சகோதரராகக் கொள்ள எனக்கு மனமில்லை என்பது பார்ட்டனின் பதில். இவ்வுரையாடல் விசுவாசத்துக்கும் நாத்திகத்துக்கும் இடையிலான வாதமன்று. இருவரும் ஒரே வேதாகமத்தையே நம்புகின்றனர். பொறுமையும் தீர்ப்பும் அதில் அருகருகே உள்ளன. எந்தப் பக்கத்தைத் திறப்பது என்பதே பிணக்கு. மறுமை நம்பிக்கை எப்பொழுதும் கரங்களைக் கட்டிவிடுகின்றது என்ற எமது வாய்பாடு இவ்விடத்தில் உடைந்து போகின்றது. பார்ட்டனைச் சாசன இயக்கத்துக்கும் 1839 ஆம் ஆண்டு மனுவுடன் இலண்டனுக்கும் அனுப்பியதில் அந்த இரண்டாவது லாசருவுக்கும் பங்குண்டு. மனு நிராகரிக்கப்பட்டுத் திரும்பியபின் அவன் பசியை மறக்க உட்கொள்வது மெய்யான அபினை. விசுவாசம் தளர்ந்த இடத்தில் அபின் வருகின்றது. விசுவாசமே அபினாக வரவில்லை.

துரதிர்ஷ்டவசமாக நாவல் தான் திறந்த பக்கத்தைத் தானே மூடிவிடுகின்றது. பார்ட்டன் ஆலைமுதலாளி காசனின் மகனைக் கொலை செய்கின்றான். அக்கணமே அவன் வர்க்கத்தின் பிரதிநிதி என்ற நிலையிலிருந்து பாவி என்ற நிலைக்குத் தள்ளப்படுகின்றான். றேமண்ட் வில்லியம்ஸ் 1958 இல் இக்கொலையை, வன்முறை பற்றிய நடுத்தர வர்க்க அச்சத்தின் நாடகமாக்கல் எனக் கொண்டமை பொருத்தமே. இறுதியில் மகனை இழந்த காசன் சுவிசேஷத்தைப் படித்து, இறந்துகொண்டிருக்கும் பார்ட்டனை மன்னித்துத் தன் கரங்களில் தாங்குகின்றார். இரு தந்தையரும் துயரத்தில் சமமாகின்றனர் என்று நாவலாசிரியை கருதுகிறார். சமமாகவில்லை. ரொம் இறந்ததற்கு எவரும் மன்னிப்புக் கேட்கவில்லை; கேட்கவேண்டும் என்ற எண்ணமே நாவலில் எழவில்லை. பெரும்பிளவின் இருபுறத்திலும் நின்றவர் ஒரு அறையில் ஒருங்கே கண்ணீர் சிந்த, ஆபிரகாமின் தீர்ப்பு ஒத்திவைக்கப்படுகின்றது. எஞ்சியிருக்கும் மேரியும் ஜெம்மும் கனடாவுக்குக் குடிபெயர்ந்து, தோட்டம் சூழ்ந்த வீட்டில் நலமாக வாழ்கின்றனர். மான்செஸ்ரருக்கு வெளியே, கடலுக்கு அப்பால் அமைந்த இவ்வுலகச் சொர்க்கம் அது.

கஸ்கெல்லின் நேர்மையில் எமக்கு ஐயமில்லை. ஆலைமுதலாளிகள் பலர் சீற்றங்கொள்ளுமளவுக்கு அவர் உண்மையைச் சொன்னார். தம் குழந்தையின் மரணத்தைத் தாங்குவதற்கு அவருக்குத் தேவைப்பட்ட ஆறுதலைப் பார்ட்டனுக்கும் வழங்கினார். அவனுக்கு வேறொன்று தேவைப்பட்டது என்பதை நாவலின் முற்பகுதியில் அவரே எழுதியிருந்தார்.

இரு நூல்களிலும் ஒரு கல்லறைக் கல் உண்டு. ‘இன் மெமோரியம்’ 67 ஆம் பகுதியில், தம் படுக்கையில் நிலவொளி விழும்பொழுது கிளீவ்டன் தேவாலயச் சுவரிலுள்ள ஹலமின் நினைவுக்கல்லிலும் அது விழுந்து, பெயரின் எழுத்துக்கள் மீதும் ஆண்டுகளின் எண்ணிக்கை மீதும் ஊர்ந்து செல்வதைக் கவிஞர் கற்பனையிற் காண்கின்றார். ஜோன் பார்ட்டன் மைத்துனி எஸ்தருடன் ஒரே குழியிற் புதைக்கப்படுகின்றான். அக்கல்லில் பெயருமில்லை, முதலெழுத்துமில்லை, திகதியுமில்லை. கடவுளின் கோபம் என்றென்றைக்கும் நிலைத்திராது என்று கூறும் 103 ஆம் சங்கீதத்தின் ஒன்பதாம் வசனம் மட்டும் அதிற் பொறிக்கப்பட்டுள்ளது.