கர்நூல் நவாபுகள்: வம்சாவளியில் விடுபட்ட ஒரு கட்டம்

வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூர் பக்கம் போனால் திருவொற்றியூர், சாத்தாங்காடு, கத்திவாக்கம் என்று ஊர்ப் பெயர்ப் பலகைகள் வரும். இந்த மூன்றோடு வியாசர்பாடியும் நுங்கம்பாக்கமும் சேர்த்து மொத்தம் 5 ஊர்கள், 1708ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. கொடுத்தவர் கர்நாடக நவாப் தாவூத் கான் பன்னி. 1702ல் ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டு கவர்னர் தாமஸ் பிட்டுக்குத் தலைவலி கொடுத்த அதே ஆள்தான். பன்னி என்பது ஆப்கானியப் பட்டாணியர் குலங்களில் ஒன்று.

மெட்ராஸ் வரலாறு எழுதுகிறவர்கள் தாவூத் கானை இதோடு விட்டுவிடுவார்கள். அவர் குடும்பம் அப்புறம் என்ன ஆச்சு? 1715ல் புர்ஹான்பூர் போரில் தாவூத் கான் இறந்தார். அவருடைய சகோதரர் இப்ராஹிம் கான் வழியில் வந்தவர்கள் கர்நூல் நவாபுகள். அந்த வரிசையில் கடைசி ஆள் குலாம் ரசூல் கான். 1823 முதல் 1839 வரை ஆண்டு, திருச்சிக்குக் கைதியாக வந்து, 1840ல் அங்கேயே கொல்லப்பட்டவர்.

இவரைப் பற்றி எழுதும் பலரும் பிரிட்டிஷ் காலத்து மாவட்டக் கையேடுகளையும், 1908ல் வந்த இம்பீரியல் கெசட்டியரையும்தான் எடுத்தாள்கிறார்கள். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். கெசட்டியர் பயனுள்ள நூல், அதில் சந்தேகமில்லை. ஆண்டுகளும் பெயர்களும் ஓரிடத்தில் கிடைக்கின்றன. ஆனால் அது கதை சொல்லும் விதத்தில் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

தொழில் பழக்கத்தில் நவாபுகளை ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டேன். பெயர், ஆட்சிக் காலம், முந்தைய நவாபுக்கு என்ன உறவு. அண்ணன், தம்பி, மகன் என்று கட்டங்கள் நிரம்பின. பார்க்க நேர்கோடு மாதிரி இருந்தது. அப்புறம் இன்னொரு கட்டம் சேர்த்தேன்: "பதவியில் அமர்த்தியது யார்?" அங்கேதான் படம் மாறியது.

1815ல் நவாப் அலிஃப் கான் இறந்ததும் மகன்களுக்குள் போட்டி. பெல்லாரியிலிருந்து கம்பெனிப் படை வந்து மூத்தவர் முனவ்வர் கானை அமர்த்தியது. 1823ல் அவர் இறந்தார். அடுத்து வரவேண்டிய தம்பி முசாஃபர் கான் தன் மனைவியைக் கொன்றதற்காக பெல்லாரிக் கோட்டையில் அடைக்கப்பட்டார். அதனால் இன்னொரு தம்பி குலாம் ரசூல் கானுக்கு இடம் கிடைத்தது. அடுத்தடுத்து இரண்டு வரிசையிலும் என் புதுக் கட்டத்தில் ஒரே பதில்தான்: கம்பெனி.

இதற்கு முன்னாடி மட்டும் சுத்த ரத்த வழியா என்று கேட்டால், இல்லை. தாவூத் கானுக்கு கர்நூலைக் கொடுத்தது முகலாயர்கள். 1750 டிசம்பரில் செஞ்சி அருகே நிஜாம் நாசிர் ஜங்கைக் கொன்ற சதியிலும், 1751 பிப்ரவரியில் ராயசோட்டி அருகே அடுத்த நிஜாம் முசாஃபர் ஜங் செத்த சண்டையிலும் கர்நூல் நவாப் ஹிம்மத் கான் இருந்தார். அந்தச் சண்டையிலேயே அவரும் செத்தார். மேலே யார் உட்காரவேண்டும் என்பதில் இவர்களும் கை வைத்தார்கள், இவர்கள் தலையிலும் மற்றவர்கள் கை வைத்தார்கள். ஆனால் கம்பெனி ஆளைத் தேர்ந்தெடுத்ததோடு நிற்கவில்லை. அதன் வழிவந்த அரசே வரலாற்றையும் எழுதியது. எழுதும்போது தன் கையைக் கொஞ்சம் மறைத்துக்கொண்டது. அண்ணன் போனார், தம்பி வந்தார், துரோகம் செய்தார், ஆட்சி போனது என்று எல்லாமே குடும்ப விவகாரம் போலப் படிக்க நேர்கிறது.

1839ஐயே எடுத்துக்குங்க. கர்நூலில் ஏராளமான பீரங்கிகளும் வெடிமருந்தும் பதுக்கப்பட்டிருந்தது உண்மை. கெசட்டியர் இதை ராஜத் துரோகத்துக்கான ஆயத்தம் என்று முடித்துவிடுகிறது. ஆனால் அதே நவாப் கோட்டையைச் சண்டையில்லாமல் விட்டுக்கொடுத்தாரே! மோதல் நடந்தது கோட்டைக்கு வெளியே ஜோராபூரில், அக்டோபர் மாதம். ஆயுதம் இருந்தது சான்று. நோக்கம் இதுதான் என்பது தீர்ப்பு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது வரலாறு ஆகாது, குற்றப்பத்திரிகை.

அந்த ஆண்டின் இன்னொரு செய்தியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. 1839 ஆகஸ்டில் இதே கம்பெனியின் படை காபூலுக்குள் நுழைந்து, லூதியானாவில் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த ஷா ஷுஜாவை அரியணையில் ஏற்றியது. சொன்ன காரணம், அவர் சதோசாய் வம்சம், அரியணை அவருடைய உரிமை என்பது. ஆண்டுகொண்டிருந்த பராக்சாய் தோஸ்த் முகமது ஓடவேண்டியிருந்தது. இரண்டே மாதத்தில் கர்நூலில் ஒரு பட்டாணிய வம்சத்தின் நூற்றாண்டு கடந்த ஆட்சி முடிக்கப்பட்டது. அங்கே வம்சம் உரிமைச் சீட்டு, இங்கே அதற்கு மதிப்பே இல்லை. 1842ல் ஷா ஷுஜா கொல்லப்பட்டார், 1843ல் தோஸ்த் முகமது திரும்பி வந்து 1863 வரை உயிரோடிருந்தார். காபூலைக் கம்பெனியால் பிடித்துவைக்க முடியவில்லை, கர்நூலை முடிந்தது. குலாம் ரசூல் கானுக்குத் திரும்பும் வழி இல்லாமல் போனதற்குக் காரணம் அவருடைய குணம் மட்டுமில்லை.

இதனால் அவரைத் தியாகியாக்கச் சொல்லவில்லை. கெட்டவர் என்ற முத்திரையை எடுத்துவிட்டு வீரர் முத்திரை குத்தினால், அதுவும் அதே ஒருவரி வேலைதான். கேட்கவேண்டிய கேள்வி வேறு: இந்த மரத்தை வரைந்தது யார், எந்தக் கிளையை வெட்டினார்கள்?

கடைசியாக ஒன்று. முசாஃபர் கான் கொன்ற அந்த மனைவி. கர்நூலின் கடைசி நவாப் யார் என்பதையே அவளுடைய சாவு தீர்மானித்தது. கெசட்டியரில் அவள் வருவது ஒரு வாக்கியத்தின் பாதியில், கணவனுக்குப் பதவி கிடைக்காததற்குக் காரணமாக மட்டும். பெயர்கூட இல்லை.

என் ஷீட்டில் அவளுக்குத் தனியாக ஒரு வரி போட்டிருக்கிறேன். உறவு, ஆண்டு, காரணம் எல்லாம் நிரம்பியிருக்கு. முதல் கட்டம் காலியா இருக்கு.