மலிவின் விலை: வோல்மார்ட் பற்றிய இரு நூல்கள்

ஒரே நிறுவனத்தை இருவேறு சமூக நிலைகளில் நின்று நோக்கிய இரு நூல்களை ஒருங்குவைத்து ஆராயும்போது, அந்நிறுவனத்தின் இயல்பு மட்டுமன்றி, நோக்குவோரின் நிலை அவர்தம் நோக்கை எவ்வாறு நிர்ணயிக்கின்றது என்பதும் புலனாகும். வோல்மார்ட் என்னும் அமெரிக்கப் பெரு வணிக நிறுவனத்தைத் தோற்றுவித்த சாம் வோல்ற்றனின் சுயசரிதை 1992இல் வெளிவந்தது. பார்பரா எரன்றைக் எழுதிய ‘நிக்கல் அன்ட் டைம்ட்’ 2001இல் வெளிவந்தது. முன்னது முதலாளியின் நூல். பின்னது, சில வாரங்களேனும் அந்நிறுவனத்தில் தொழிலாளியாக இருந்து பார்த்தவரின் நூல்.

வோல்ற்றன் தமது வெற்றிக்கு அடிப்படையாகக் கூறுவது ஓர் எளிய கணக்காகும். 80 சதத்திற்கு வாங்கிய பொருளை 1 டொலர் 20 சதத்திற்கு விற்பதிலும் 1 டொலருக்கு விற்றால் மும்மடங்கு விற்பனையாகும் என்பது அவர் கண்ட உண்மை. ஒரு பொருளிற் கிடைக்கும் இலாபம் 40 சதத்திலிருந்து 20 சதமாகக் குறையினும், மொத்த இலாபம் 60 சதமாக உயர்கின்றது. இக்கணக்கிற் பொய்யில்லை. குறைந்த வருவாயுடைய சிற்றூர் மக்களுக்கு மலிவு விலை மெய்யான நன்மையே என்பதும் மறுக்கத்தக்கதன்று.

ஆயினும், அக்கணக்கைத் தனியொருவரின் மதிநுட்பமாகவே அவரது நூல் காட்டுகின்றது. வரலாறு வேறுவிதமாகப் பேசுகின்றது. முதலாவது வோல்மார்ட் ஆர்க்கன்சோ மாநிலத்து ரொஜர்ஸ் நகரில் 1962இல் திறக்கப்பட்டது. கேமார்ட், டார்கெட் ஆகியவற்றின் முதற் கடைகள் திறக்கப்பட்டதும் அதே ஆண்டிலேதான். மோட்டார் வாகனமும் நெடுஞ்சாலையும் பரவி, நுகர்வுச் சந்தை விரிந்த சூழலிலேயே இத்தகைய வணிகம் சாத்தியமாயிற்று. சுயசரிதை என்னும் இலக்கிய வடிவம் சமூக இயக்கத்தை ஒரு மனிதனின் விடாமுயற்சியாகச் சுருக்கிவிடும் இயல்புடையது என்பதற்கு இந்நூல் தக்க சான்றாகும்.

வோல்ற்றனின் கணக்கில் இடம்பெறாத இன்னொன்றும் உண்டு. விலை குறைந்தும் இலாபம் நிலைக்க வேண்டுமாயின் செலவு குறையவேண்டும். கடையின் பெருஞ்செலவுகளுள் ஒன்று ஊதியம். தொடக்க காலத்தில் ஊழியர்க்கு ஊதியம் வழங்குவதிற் கஞ்சத்தனம் காட்டியதை அவரே ஒப்புக்கொள்கின்றார். பின்னர் இலாபப் பங்கீட்டை ஏற்படுத்தியதையும் பெருமையுடன் குறிப்பிடுகின்றார். ஆனால் தொழிற்சங்கத்தை மட்டும் அவரால் ஏற்க முடியவில்லை. கொடையாக வருவதை வரவேற்கும் நூல், உரிமையாகக் கோரப்படுவதை வெறுக்கின்றது.

எரன்றைக்கின் நூல் தொடங்குவது இவ்விடத்திலேயே எனலாம். உயிரியலிற் கலாநிதிப் பட்டம் பெற்ற இவ்வெழுத்தாளர், குறைந்த ஊதியத்தில் வாழ்தல் இயலுமா என்பதை அறியும் பொருட்டு, புளோரிடாவில் உணவகப் பணிப்பெண்ணாகவும் மெயின் மாநிலத்தில் வீடு துப்புரவு செய்பவராகவும் உழைத்தார். இறுதியாக மினியாப்பொலிஸ் பகுதி வோல்மார்ட்டில் பெண்கள் ஆடைப் பிரிவிற் சேர்ந்தார். மணித்தியாலத்திற்கு 7 டொலர் ஊதியம். வாடிக்கையாளர் கலைத்துவிட்ட ஆடைகளை மீண்டும் அவற்றின் இடங்களில் மாட்டுவதே நாளாந்த வேலை. அவ்வூதியத்திற்கு ஏற்ற வாடகையில் உறைவிடம் கிடைக்கவில்லை. விடுதி அறைகளிலேயே தங்கவேண்டியதாயிற்று.

நூலின் உயிர்நிலை ஒரு சிறு நிகழ்ச்சியில் உள்ளது. சக ஊழியையொருத்தி, விலை குறைக்கப்பட்ட 7 டொலர்ச் சட்டையொன்றைப் பார்த்து, அதன் விலை இன்னும் குறையுமா என விசாரிக்கின்றாள். ஒரு மணித்தியால உழைப்பு முழுவதும் அந்தச் சட்டைக்கே சரி. மலிவு விலைக் கடையின் ஊழியைக்கு அக்கடையின் மலிவுப் பொருளே எட்டாதிருத்தல் என்னும் முரண்பாட்டைப் பொருளியல் அட்டவணை எதுவும் இத்துணைத் தெளிவாக உணர்த்தாது. வோல்ற்றனின் நூலில் வாங்குபவரும் வேலை செய்பவரும் இருவேறு மனிதர். எரன்றைக்கின் நூலில் அவ்விருவரும் ஒருவரே. விலையில் அவருக்குக் கொடுக்கப்படுவது ஊதியத்தில் மீளப் பெறப்படுகின்றது.

இந்நூலும் குறைபாடற்றதன்று. எரன்றைக் இந்த உலகிற்கு விருந்தினராக வந்து நீங்குபவர். ஏனையோர்க்கு நீங்கும் வழியில்லை. இதனை அவரே உணர்ந்து கூறியிருப்பது அவரது நேர்மையைக் காட்டினும் நூலின் எல்லையை நீக்கவில்லை. இறுதி நாட்களில் சக ஊழியரிடையே அவர் தொழிற்சங்கப் பேச்சை எழுப்புகின்றார். அப்பேச்சு தொடர்ந்திருப்பின் எதனை எதிர்நோக்கியிருக்கும் என்பதற்குக் கனடாவின் கியூபெக் மாநிலத்து ஜொன்கியேர் நகர நிகழ்வு விடை தருகின்றது. அங்கு வோல்மார்ட் ஊழியர் 2004இல் தொழிற்சங்க அங்கீகாரம் பெற்றனர். 2005இல் கடையே மூடப்பட்டது. அம்மூடல் தொழிற் சட்டத்திற்கு முரணானதென உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தவேளை கடை இருக்கவில்லை.

பொருளியலாளர் இன்னும் ஒருமுடிவுக்கு வந்தாரல்லர். எமெக் பாஸ்கரின் 2005ஆம் ஆண்டு ஆய்வு, வோல்மார்ட் நுழையும் மாவட்டத்திற் சில்லறை வணிக வேலைகள் முதலில் ஏறத்தாழ 100 கூடி, அவற்றிற் பாதி அடுத்த 5 ஆண்டுகளில் மறைவதாகக் கண்டது. நியூமார்க் முதலானோரின் 2008ஆம் ஆண்டு ஆய்வோ, அங்கு சேரும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஏறத்தாழ 1.4 சில்லறை வணிகத் தொழிலாளர் வேலையிழப்பதாகக் கூறிற்று. எண்ணிக்கை பற்றிய இவ்விவாதம் அவசியமானதே. எனினும், எத்தகைய வேலை, எத்தகைய வாழ்வு என்ற வினாவிற்கு எண்ணிக்கை மட்டும் விடையாகாது.

இரு நூல்களிலும் முகம் காட்டாத ஒருவர் உண்டு. அவர் அந்த 7 டொலர்ச் சட்டையைத் தைத்தவர். 2013இல் வங்காளதேசத்தில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து, மேலைநாட்டுச் சந்தைக்கு ஆடை தைத்த தொழிலாளர் 1,100இற்கும் மேற்பட்டோர் மாண்டபோதே உலகம் அவர்களை நோக்கிற்று. முதலாளி எழுதிவிட்டார், விருந்தினராக வந்த எழுத்தாளரும் எழுதிவிட்டார். தைத்தவரின் நூல் எழுதப்படும்போதே மலிவின் முழு விலையும் கணக்கில் வரும்.