தேராது தெளிதல்: காணாமற்போன பெண்ணைப் பற்றி ஊர் சொல்லும் கதைகள்

அகத்திணை மரபிலே தலைவன், தலைவி, தோழி, செவிலி என்போரைப் போலவே ஊரும் ஒரு பாத்திரமாகும். அதற்கு முகமில்லை, வாய் உண்டு. மறைவில் முணுமுணுக்கும் நிலையில் அதன் பேச்சு அம்பல் எனவும், வெளிப்பட்டுப் பரவிய நிலையில் அலர் எனவும் பெயர் பெற்றது. களவொழுக்கத்தைக் கற்பு நெறிக்கு விரைவிக்கும் கருவியாகப் புலவர் அலரைக் கையாண்டமையால், ஊர்ப்பேச்சின் கொடுமை அப்பாடல்களில் ஓரளவு மென்மைப்படுத்தப்பட்டே வந்துள்ளது எனலாம். எனினும் ஒன்று குறிப்பிடத்தக்கது. அன்பின் ஐந்திணையில் எவரையும் இயற்பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. அலரின் வாயில் அகப்பட்ட பெண் யார் என்பது இன்றுவரை எவருக்கும் தெரியாது. இலக்கண விதியொன்று பெண்ணின் மானத்துக்கு வேலியாக அமைந்த அரிய சந்தர்ப்பம் அது. இன்றைய அலருக்கு அத்தகைய வேலி இல்லை. பெயர், படம், ஊர், கல்லூரி, தகப்பனின் தொழில் ஆகியவற்றைக் கொண்டே அது தொடங்குகின்றது.

2018 மார்ச் 22ஆந் திகதி, கேரள மாநிலத்தின் எருமேலியை அண்டிய சிற்றூரொன்றிலிருந்து, உறவினர் வீட்டுக்குச் செல்வதாகக் கூறிப் புறப்பட்ட 20 வயதுக் கல்லூரி மாணவி வீடு திரும்பவில்லை. முச்சக்கர வண்டியில் சந்திவரை சென்றார்; அங்கிருந்து எருமேலி செல்லும் பஸ்ஸில் ஏறினார்; கைத்தொலைபேசியை வீட்டிலேயே விட்டுச் சென்றிருந்தார். உறுதியாகத் தெரிந்தது ஏறக்குறைய இவ்வளவே. அவருடைய பெயர் இந்தியா முழுவதும் அறியப்பட்டது. அகமரபின் விதியைப் பின்பற்றி அது இக்கட்டுரையில் தவிர்க்கப்படுகின்றது. ஹட்டனிலிருந்தோ றொசல்லவிலிருந்தோ நோக்குபவருக்கு அந்நிலம் அந்நியமானதன்று. இறப்பர்த் தோட்டங்களும், அவற்றுக்கு மேலே பீருமேட்டுத் தேயிலை மலைகளும், அம்மலைகளில் தமிழ்த் தொழிலாளரின் லயங்களும், நாளொன்றுக்கு எண்ணிச் சொல்லத்தக்க பஸ்களும் கொண்ட நாடு அது. புறப்பட்டவரைக் கண்டோர் பலராகவும், போய்ச் சேர்ந்ததைக் கண்டோர் எவருமில்லாதவராகவும் இருத்தல் இத்தகைய ஊர்களில் எளிதில் நேரக்கூடியதாகும்.

அவ்வெற்றிடத்தை நிரப்ப எழுந்த ஊகங்களைத் துப்புகளாகக் கொள்ளாது, கதைகளாகக் கொண்டு திறனாய்வதே பொருத்தமானது. ஏனெனில் அவற்றுள் எதுவும் அம்மாணவியின் வாழ்விலிருந்து முளைத்ததன்று. காதலனோடு ஓடினார் என்பது முதற் கதை. அது சங்க காலம் முதல் நம்மிடமுள்ள உடன்போக்கின் தேய்ந்த வடிவம். மதம் மாற்றப்பட்டு வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டார் என்பது இரண்டாவது. அது அக்காலக் கேரள அரசியல் தயாரித்து வைத்திருந்த கதை. இக்கதையால் பயன் பெறுவோர் எவர் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கேரள உயர் நீதிமன்றின் உத்தரவுப்படி 2021இல் வழக்கைப் பொறுப்பேற்ற மத்திய புலனாய்வுத் துறை, மதமாற்றத்துக்கோ தீவிரவாதத் தொடர்புக்கோ சான்றில்லை என 2024 ஜனவரியில் அறிக்கை சமர்ப்பித்தது. ஆறு ஆண்டுகள் ஓடிய கதையை அந்த ஒற்றை வசனம் நிறுத்திவிடவில்லை.

மூன்றாவது கதையே விரிவாக நோக்கத்தக்கது. தந்தையே மகளைக் கொன்று, தாம் கட்டிக்கொண்டிருந்த கட்டடமொன்றின் கீழே புதைத்துவிட்டார் என்பது அது. 2013இல் வெளிவந்த 'திருஷ்யம்' என்ற மலையாளத் திரைப்படத்தை அறிந்தவர்களுக்கு இதன் பிறப்பிடம் உடனே விளங்கும். கட்டி முடிக்கப்படாத கட்டடத்தின் அடியில் உடலொன்று மறைக்கப்படுவது அப்படத்தின் முடிச்சு. 2015இல் 'பாபநாசம்' எனத் தமிழிலும், 2017இல் 'தர்மயுத்தய' எனச் சிங்களத்திலும் அது மீண்டும் எடுக்கப்பட்டமையால் இலங்கையிலும் அக்கதை பரிச்சயமானது. 2018 ஜூன் மாதத்தில் பொலிஸார் அக்கட்டடத்தைச் சோதனையிட்டனர். நிலத்தைத் தோண்டியும் பார்த்தனர். எதுவும் கிடைக்கவில்லை. கலை வாழ்வைப் பிரதிபலிக்கின்றது என்று வகுப்பறைகளில் சொல்லப்படுவதுண்டு. இங்கோ திரைக்கதையொன்று மண்வெட்டியோடு ஒரு மனிதனின் வாசலுக்கு வந்து நின்றது. மகளைத் தேடும் தகப்பன் தேடப்படும் தகப்பனாக மாற்றப்பட்டமைக்கு, அவர் கட்டட வேலை செய்பவர் என்பதற்கு மேல் ஊகத்திற்கு வேறு ஆதாரம் தேவைப்படவில்லை. பிற்காலத்தில் வழக்கை முடித்துவிடக் கூடாது என நீதிமன்றில் நின்று, 2024 மே மாதத்தில் மேலதிக விசாரணைக்கான உத்தரவைப் பெற்றவரும் அதே தகப்பனே.

இத்தகைய அறிதலின் குறைபாட்டைச் சுட்டுவதற்குப் புதிய கலைச்சொல் தேட வேண்டியதில்லை. மணிமேகலையில் சமயவாதிகளின் திறங்களைக் கேட்கும் காதையிலே அளவைவாதி கூறும் பிரமாணங்களோடு, பிழைபட்ட அறிவின் வகைகள் எட்டும் வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று ஐயம். மற்றொன்று தேராது தெளிதல். வெளியிலே நிற்கும் உருவொன்று தறியோ மனிதனோ எனத் தடுமாறுவது ஐயம். ஆராயாமலே மனிதன்தான் என முடிவுகட்டுவது தேராது தெளிதல். சாத்தனார் கையாண்ட அதே எடுத்துக்காட்டு முண்டக்காயத்திலே நிகழ்ந்தது எனலாம். அங்குள்ள கமெராவொன்றில் பதிந்த உருவம் அம்மாணவியைப் போன்றிருந்தது. போன்றிருந்தது என்பது சில நாட்களுக்குள் 'அவளேதான்' ஆயிற்று. பின்னர் பெங்களூரில் காணப்பட்டார், மலப்புறத்தில் காணப்பட்டார் என்று செய்திகள் வந்தன. பொலிஸார் தகவலறியப் பொது இடங்களில் பெட்டிகள் வைத்தனர். சன்மானத்தை இரண்டு இலட்சம் ரூபாவிலிருந்து ஐந்து இலட்சமாக உயர்த்தினர். தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் எரியுண்ட நிலையில் பெண்ணுடலொன்று கிடந்தபோது கேரளப் பொலிஸார் அங்கும் சென்றனர். அது வேறொரு பெண்ணின் உடல் என்று தெரிந்ததும் ஊகக்காரரின் ஆர்வம் அற்றுப்போயிற்று. அவ்வேறொரு பெண்ணும் யாரோ ஒருவரால் தேடப்பட்டவளாக இருந்திருப்பாள் என்பதை நினைக்க அக்கதையில் இடமில்லை.

ஐயத்தில் நிற்பது குற்றமாகாது. விசாரணை முழுவதும் ஐயத்தின் ஒழுங்குபட்ட வடிவமே. பிழைபட்ட ஊகத்தைக் கைவிடவும் விசாரணை கடமைப்பட்டுள்ளது. பொழுதுபோக்காக ஊகிப்பவனுக்கு அக்கடமை இல்லை. பெங்களூரிலே அவர் இல்லை என்று நிறுவப்பட்டபோது, பெங்களூர்க் கதை சொன்னவர் எவரும் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை. அடுத்த கதைக்குச் சென்றுவிட்டனர். இப்பழக்கம் அதிகாரிகளையும் தொற்றக்கூடியது. 2020இல் உயர் பொலிஸ் அதிகாரிகளே நம்பிக்கை தரும் தகவல்கள் கிட்டியிருப்பதாகக் குறிப்பாகப் பேசினர். அப்பேச்சைத் தொடர்ந்து எதுவும் வெளிவரவில்லை. குறிப்பாகப் பேசுதல் கவிதைக்கு அழகு. பொலிஸ் அதிகாரிக்கு அது அழகாகாது.

இது கீழைத்தேயக் குறைபாடு என்று எண்ணவும் இடமில்லை. 2023 ஜனவரி 27ஆந் திகதி இங்கிலாந்தின் லங்காஷயரில், வையர் நதிக்கரைச் சிற்றூரொன்றில் பெண்ணொருவர் காணாமற்போனபோது, வெளியூர்களிலிருந்து துப்பறியும் ஆசை கொண்டோர் கமெராக்களுடன் அங்கு குவிந்தனர். ஆற்றில் வீழ்ந்திருக்கலாம் என்ற பொலிஸாரின் கருத்து அவர்களுக்குச் சுவையற்றதாக இருந்தது. ஊகங்களின் நெருக்குதலுக்கிடையே பொலிஸார் அப்பெண்ணின் உடல்நிலை பற்றிய அந்தரங்கச் செய்திகளை வெளியிட்டுக் கண்டனத்துக்கு உள்ளாயினர். பெப்ரவரி 19ஆந் திகதி உடல் அந்த ஆற்றிலேயே கிடைத்தது. தவறி நீரில் மூழ்கிய மரணம் என்று ஜூன் மாதத்தில் மரண விசாரணை முடிவு கூறிற்று. சுவையற்ற விளக்கமே உண்மையாயிற்று.

மலையகத்தின் நிலை வேறானது. றொசல்ல போன்ற சிற்றூரில், வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையே புகையிரதம் நின்று செல்லும் அச்சிறு நிலையத்தைச் சூழ்ந்த தோட்டங்களில், ஒரு பெண் வீடு திரும்பாவிடின் நூறு கதைகள் எழுவதில்லை. பீலிக்கரையிலும் கொழுந்து மடுவத்திலும் பிரட்டுக்களத்திலும் ஒரே கதைதான் எழும்: ஓடிப்போய்விட்டாள். எருமேலியில் ஊகத்தின் மிகுதி பெண்ணை மறைத்தது. இங்கு ஊகத்தின் வறுமை அவளை மறைக்கின்றது. பின்னதன் தீங்கே பெரிது. நூறு கதைகள் தேடலைத் திசைதிருப்பும். அந்த ஒரு சொல்லோ தேடலைத் தொடங்கவே விடாது. ஓடிப்போனவளைத் தேடுவது மானக்கேடு என்று குடும்பம் கருதும். ஓடிப்போனவள் தானாக வருவாள் என்று முறைப்பாட்டை ஏற்பவர் கருதுவார். இவ்விரண்டு கருத்துகளுக்கும் இடையே முதல் இரண்டு நாட்கள் கழிந்துவிடும்.

அச்சொல்லின் இலக்கணத்தையும் சிறிது நோக்க வேண்டும். 'ஓடிப்போனாள்' என்னுமிடத்து எழுவாய் அவளே, வினை அவளது. கொண்டுபோனவன், வேலைக்கென அனுப்பிய தரகர், வேலை கொடுத்த வீட்டார் ஆகிய எவருக்கும் அவ்வாக்கியத்தில் இடமில்லை. இலங்கைத் தமிழில் இதற்கு மாறான சொல்லாக்கமொன்று போரின் துயரத்திலிருந்து பிறந்துள்ளது. 'காணாமற்போனோர்' என்பதை ஏற்க மறுத்து, 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்ற செயப்பாட்டு வடிவத்தை உறவினர் வற்புறுத்தினர். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் அவர்களை நிறைவு செய்யவில்லை; 2017 பெப்ரவரி 20ஆந் திகதி கிளிநொச்சியில் தாய்மார் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. 'எங்கோ இருப்பார்கள்' என்ற ஊகத்தையும் 'இறந்திருப்பார்கள்' என்ற ஊகத்தையும் ஒருசேர மறுத்து, செய்தவர் யார் என்ற எழுவாயை அத்தாய்மார் கேட்டனர். தோட்டத்துப் பெண்ணைப் பொறுத்தமட்டில் அந்த எழுவாயைக் கேட்கும் வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை.

கேட்டிருக்க வேண்டிய சந்தர்ப்பங்கள் இல்லாமலில்லை. 2009 ஆகஸ்டில் மஸ்கெலியாப் பகுதித் தோட்டச் சிறுமியர் இருவரின் உடல்கள் கொழும்பு பௌத்தாலோக மாவத்தையிலுள்ள கால்வாயொன்றில் மீட்கப்பட்டன. வீட்டு வேலைக்கென அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். 2021 ஜூலையில் டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி, அதே மாவத்தையில் அரசியல்வாதியொருவரின் இல்லத்தில் வேலைசெய்து வந்த நிலையில், தீக்காயங்களோடு தேசிய வைத்தியசாலையில் இறந்தார். அடக்கம் செய்யப்பட்ட உடல் தோண்டியெடுக்கப்பட்டு மீண்டும் பரிசோதிக்கப்பட்டது. அவரை வேலைக்குச் சேர்த்த தரகரும் கைதானார். மரணத்தின் பின் அச்சிறுமியைப் பற்றி நாடெங்கும் பேசப்பட்டது. அவர் உயிரோடு அவ்வீட்டில் இருந்த மாதங்களில் எவரும் எதையும் ஊகிக்கவில்லை. இவர்கள் ஓடிப்போனவர்களல்லர், கண்முன்னே அனுப்பிவைக்கப்பட்டுப் பார்வையிலிருந்து மறைந்தவர்கள்.

ஊரின் கவனம் பயனற்றது என்பதன்று இங்கு வாதம். 2025 ஜனவரி 11ஆந் திகதி கண்டி மாவட்டத்தின் தவுலகல பொலிஸ் பிரிவில் மாணவியொருவர் வானொன்றில் பலவந்தமாக ஏற்றிச் செல்லப்பட்டபோது, வழியிற் சென்ற ஒருவர் ஓடிச்சென்று அவ்வாகனத்தைத் தடுக்க முயன்றார். கமெராவொன்றில் அது பதிவாகியது. இரண்டு நாட்களின் பின் மாணவி அம்பாறையில் மீட்கப்பட்டார். கைதானவர் அவருடைய உறவினர். காணொளியைப் பார்த்து நாடெங்கும் கருத்துச் சொன்னவர்களிலும், வாகனத்தைப் பற்றித் தொங்கிய அந்த ஒருவரே மேலானவர். அவர் கண்டார், கண்டதற்கு ஏற்ப நடந்தார். பாலைக்கலியிலே மகளைத் தேடி வரும் செவிலிக்கு வழியில் எதிர்ப்பட்ட துறவியரும் தாம் கண்டதாகவே விடை கூறுவர். அவர்களது அறிவுரையை ஏற்பதும் விடுவதும் வேறு விடயம். காணாததைக் கண்டதாக அவர்கள் கூறவில்லை.

2023 மே மாதத்தில், கம்பளை வெலிகல்ல எல்பிட்டியவில் வேலைக்குப் புறப்பட்ட 22 வயது யுவதி காணாமற்போய், சில நாட்களின் பின் உடலாக மீட்கப்பட்டதும் அவ்வூரிலேயேதான், கைதானவரும் அயலவரே. ஓடிப்போதல் என்ற சொல் தொலைவைச் சுட்டுவது. தேட வேண்டிய இடமோ பல வேளைகளில் வீட்டுக்கும் பஸ் தரிப்பிடத்துக்கும் இடைப்பட்ட ஒற்றையடிப் பாதையாக இருக்கின்றது. தோட்டத்திலிருந்து பொலிஸ் நிலையத்துக்கு வரும் தகப்பன் அங்கே சொல்லவேண்டியவை புறப்பட்ட நேரம், உடுத்திருந்த உடை, எந்தப் பாதை, எந்த பஸ், வேலைக்கு அழைத்த தரகரின் பெயர், வேலை வீட்டின் விலாசம் ஆகியனவே. 'யாரோடு பழக்கம்?' என்ற வினா அவரிடம் முதலிற் கேட்கப்படுமாயின், மற்றவை அம்முறைப்பாட்டுப் புத்தகத்தில் எழுதப்படாமலே போகின்றன.