கடைக்காரர் இல்லாத பாட்டுக் கடை

இந்த முறை பயிற்சித்தாள் எதுவும் இல்லை. பாட்டைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று இருக்கிறேன். வகுப்புக்கு உதவும் ஒன்றிரண்டு விஷயங்கள் கடைசியில் உண்டு. அதனால் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

என் வயதுக்காரர்களுக்கு இது நினைவிருக்கும். ஞாயிற்றுக்கிழமை என்றால் தேக்கா. அம்மா சந்தையில் மீன் வாங்கும் நேரத்தில், அப்பா என்னைச் சிராங்கூன் சாலைப் பக்கத்துச் சந்து ஒன்றில் இருந்த கேசட் கடைக்குக் கூட்டிப்போவார். வாசலில் ஸ்பீக்கர் அலறும். உள்ளே கூரை வரைக்கும் கேசட். அப்பா ஒன்றை எடுத்தால் கடைக்காரர் சும்மா இருக்க மாட்டார். "அது வேணாம்ணே, ரெண்டு பாட்டுதான் தேறும். இதை எடுத்துக்குங்க" என்பார். விற்கிற மனுஷனே வேண்டாம் என்று சொன்னது அப்போது எனக்கு வேடிக்கையாக இருந்தது. இப்போது யோசித்தால், நான் பார்த்த முதல் விமர்சகர் அவர்தான்.

அந்தக் கடையில் சிங்கப்பூர்க்காரர் எழுதிப் பாடிய தமிழ்ப் பாட்டு ஒன்றை நாங்கள் வாங்கியதாக எனக்கு நினைவில்லை. வாங்கியதெல்லாம் சென்னையிலிருந்து வந்த சினிமாப் பாட்டுதான். திறமைக்குப் பஞ்சம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வாடகை, கேசட் அடிக்கக் காசு, அலமாரியில் இடம் என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், இந்தச் சின்ன ஊரில் தமிழ்ப் பாட்டுக்குக் கணக்கு ஒத்துவராது. அவ்வளவுதான்.

பிறகு கணக்கே மாறிவிட்டது. 2007 அக்டோபர் 10ஆம் தேதி, ரேடியோஹெட் என்ற பிரிட்டிஷ் இசைக்குழு தன் 'இன் ரெயின்போஸ்' தொகுப்பை எந்த இசை நிறுவனமும் இல்லாமல் தன் இணையத்தளத்திலேயே வெளியிட்டது. விலையைக் கேட்பவரே முடிவு செய்யலாம். ஒன்றும் கொடுக்காமலும் எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் ஏற்கெனவே உலகப் புகழ் பெற்றவர்கள், அதனால் துணிந்தார்கள் என்று சிலர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த வழி பிறகு சின்னவர்களுக்கும் திறந்தது. பேண்ட்கேம்ப் போன்ற தளத்தில் கலைஞரே தொகுப்பை விற்கலாம். டிஜிட்டல் விற்பனையில் தளம் பொதுவாக 15 விழுக்காடு எடுத்துக்கொள்ளும். டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்ற சேவைகளுக்குக் கட்டணம் கட்டினால், படுக்கையறையில் பதிவுசெய்த பாட்டு ஸ்பாட்டிஃபையிலும் ஆப்பிள் மியூசிக்கிலும் ஏறிவிடும். யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. "இது தேறாது" என்று சொல்ல யாரும் இல்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் உதாரணத்துக்கு வருவோம். 2018இல் யங் ராஜா என்ற பெயரில் ஒரு சிங்கப்பூர் இளைஞர், அமெரிக்க ராப் பாடகர் லில் பம்ப்பின் 'கூச்சி கேங்' பாட்டைத் தமிழில் திருப்பிப்போட்டு 'பூரி கேங்' ஆக்கினார். சமூக ஊடகத்தில் அது பரவியது. அதே ஆண்டில் அவருடைய சொந்தப் பாட்டு 'முஸ்தபா' வந்தது. என் மாணவர்கள் இரண்டையும் மனப்பாடமாகப் பாடிய காலம் அது. திருக்குறளை ஒப்புவிக்கச் சொன்னால் தரையைப் பார்த்தவர்கள் இவர்கள்!

விமர்சனமாகச் சொன்னால், 'பூரி கேங்'கின் பலம் தலைப்பிலேயே இருக்கிறது. ஆயிரக்கணக்கான வெள்ளி விலையுள்ள பையின் பெயர் இருந்த இடத்தில் காலைப் பசியாறும் பலகாரம் வந்து உட்கார்கிறது. பெருமையடிக்கும் பாட்டு ஒரே அடியில் சாப்பாட்டு மேசைக்கு இறங்குகிறது. அதைச் சிரிப்பாகச் செய்ததால் யாருக்கும் வலிக்கவில்லை. 'முஸ்தபா' இன்னும் நுட்பமானது. அந்தப் பெயரைக் கேட்டதும் நமக்கு 1996இல் வந்த 'காதல் தேசம்' படத்து நட்புப் பாட்டும் நினைவுக்கு வரும், சையது ஆல்வி சாலைக் கடையும் நினைவுக்கு வரும். சென்னையில் கேட்பவருக்கு முதலாவது மட்டும்தான். இரண்டும் சேர்ந்து வருவது நமக்கு மட்டுமே. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் அவர் தாவும் இடத்தில் ஒட்டுப்போட்டது தெரிவதில்லை. நம் பிள்ளைகள் புளோக் கீழே உட்கார்ந்து பேசுவது அப்படித்தானே?

குறையும் உண்டு. கேட்டு முடித்தபின் ஒலி நிற்கிறது, வாக்கியம் நிற்பதில்லை. தமிழ் அங்கே தாளத்துக்குக் காரம் சேர்க்கிறது. ஒரு சங்கதியை முழுதாகச் சொல்லும் பொறுப்பு அதனிடம் கொடுக்கப்படவில்லை. "மாணவர்கள் தமிழ்ப் பாட்டு கேட்கிறார்கள்" என்று நாம் மகிழ்ந்துவிட்டு அத்தோடு நிறுத்திவிட்டால், இந்தக் குறையை அவர்களிடம் சொல்ல வேறு யாரும் வரமாட்டார்கள்.

இன்னொரு செய்தியையும் சேர்த்துப் பாருங்கள். 2019இல் டெஃப் ஜாம் நிறுவனம் தென்கிழக்காசியக் கிளையைத் தொடங்கியபோது முதலில் ஒப்பந்தமானவர்களில் யங் ராஜாவும் ஒருவர். நிறுவனம் இல்லாமல் மேலே வந்தவரை நிறுவனம் வந்து அழைத்துக்கொண்டது. இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தனியாக வெளியிடுவது பலருக்கு வாசல்படிதான், வீடு இல்லை.

மறுபக்கம் ஷபீர். 2012இல் வந்த அவருடைய 'சிங்கை நாடு' தேசிய தினத்துக்கு நாம் பள்ளி மண்டபங்களில் ஒலிக்கவிடும் பாட்டு. சுத்தமான, நிமிர்ந்து நிற்கும் தமிழ். 'சகா' (2019) படத்தில் அவர் இசையமைத்த 'யாயும்' பாட்டில் குறுந்தொகையின் 40ஆம் பாடல் அப்படியே வருகிறது. பொழிப்புரை கொடுக்காமல், எளிமைப்படுத்தாமல், மெட்டை நம்பி அவர் செய்த காரியம் அது. செம்புலப் பெயனீராரை நான் 2 பாடவேளையில் நடத்தி முடிக்காததை அந்த மெட்டு 4 நிமிடத்தில் முடித்துவிட்டது. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பாட்டு வெளியே வர ஒரு திரைப்படம் தேவைப்பட்டது என்பதையும் கவனியுங்கள்.

ஆக, ஒரு பக்கம் மண்டபத்துத் தமிழ், இன்னொரு பக்கம் புளோக் கீழ்த் தமிழ். நடுவில் ஓர் இடம் காலியாக இருப்பதுபோல் எனக்குப் படுகிறது. அடுப்படியில், மருத்துவமனையில், பாட்டியிடம் பேசும் தமிழின் இடம் அது. நிறுவனம் எதுவும் காசு போட முன்வராத இடம். தனியாக வெளியிடும் பாட்டுகளால்தான் அதை நிரப்ப முடியும்.

இனி என் கதை. ஒருநாள் பாடம் முடிந்ததும் உயர்நிலை 3 மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்தான். வாய்மொழிப் பயிற்சியில் நாலு வாக்கியத்துக்கு மேல் பேசாதவன். கைத்தொலைபேசியை நீட்டி, "டீச்சர், நானே எழுதின பாட்டு. ஆன்லைன்ல போடப்போறேன். தமிழ் சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க" என்றான். மறதிநோய் வந்த பாட்டியைப் பற்றிய பாட்டு. பேரனை மகனென்று நினைத்து மகன் பெயரால் கூப்பிடும் பாட்டி.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வரிகளை எழுதி வாங்கி, சிவப்புப் பேனாவை எடுத்தேன். 17 இடத்தில் கோடு. 'வந்துட்டியாப்பா' என்று பாட்டி கூப்பிடும் இடத்தை 'வந்துவிட்டாயா அப்பா' என்று திருத்தினேன். மறுநாள் அவன் தாளைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான்: "டீச்சர், எங்க பாட்டி இப்படிப் பேச மாட்டாங்களே?"

பதில் சொல்ல முடியவில்லை. பேச்சுத்தமிழை வகுப்பில் வளர்க்க வேண்டும் என்று பயிலரங்குகளில் தலையாட்டியவள் நான்.

வீட்டுக்குப் போய்ப் பாட்டை மீண்டும் கேட்டேன், பேனா இல்லாமல். அப்போதுதான் உண்மையான குறைகள் காதில் விழுந்தன. ஒன்று, 'பள்ளி' என்பதை அவன் 'பல்லி' என்று பாடியிருந்தான். பாட்டி கைபிடித்துப் பல்லிக்குக் கூட்டிப்போனதாக ஆகிவிட்டது! இரண்டாவது அதைவிட முக்கியம். முதல் இரண்டு பத்தி அவன் வீட்டில் நடந்தது. மூன்றாவது பத்தியில் நிலா, தேவதை, தொலைந்த இதயம் என்று சினிமாவிலிருந்து கடன் வாங்கியிருந்தான். அங்கே பாட்டியைக் காணோம். இலக்கணம் சரியாக இருந்த பத்தி அதுதான். அதனால் என் பேனா அதைத் தொடவே இல்லை.

அந்தக் கேசட் கடைக்காரர் இருந்திருந்தால் ஒரே வாக்கியத்தில் சொல்லியிருப்பார்: "ரெண்டு பத்தி தேறும்ணே." அடுத்த வாரம் நானும் அதைத்தான் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். அவன் மூன்றாம் பத்தியை எடுத்துவிட்டு, பாட்டி சோறு வேண்டாம் என்று அடம்பிடிக்கும் ஒரு காட்சியை வைத்தான். 'பள்ளி'யைச் சரிசெய்து பாடினான். 'வந்துட்டியாப்பா' அப்படியே இருந்தது. பிறகு வெளியிட்டான். கடைசியாக நான் பார்த்தபோது 212 முறை கேட்கப்பட்டிருந்தது. அதில் எத்தனை என்னுடையது என்று கேட்காதீர்கள்.

212 என்ற எண்ணைச் சும்மா சொல்லவில்லை. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முந்தைய 12 மாதத்தில் குறைந்தது 1,000 முறை கேட்கப்பட்டிருந்தால்தான் அந்த ஒலிப்பதிவுக்குப் பணம் கணக்கிடப்படும். ஆங்கிலப் பாட்டுக்கு 1,000 என்பது சிறிய எண். நம் ஊரில் ஒரு தமிழ்ப் பாட்டுக்கு? 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 5 வயதும் அதற்கு மேலும் ஆன இந்தியர்களில் வீட்டில் ஆக அதிகமாகத் தமிழ் பேசியவர்கள் 36.7 விழுக்காடு. 2020இல் அது 29.2 விழுக்காடு. கேட்கும் காதுகளே குறைகின்றன. சின்ன மொழிக்காரனும் பெரிய மொழிக்காரனும் ஒரே கோட்டைத் தாண்ட வேண்டும் என்பது சமத்துவம் மாதிரித் தெரியும். எனக்கு அப்படிப் படவில்லை.

கோடிக்கணக்கில் கேட்கப்பட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' உங்களுக்குத் தெரியும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டியின் வாழ்விலிருந்து அறிவு எடுத்த வரிகள், தீயின் குரல், சந்தோஷ் நாராயணனின் இசை. அதை வெளியிட்டதும் பழைய இசை நிறுவனம் அல்ல. சுயாதீனக் கலைஞர்களுக்கென்றே தொடங்கப்பட்ட ஒரு தளம். அப்படியிருந்தும் அந்தப் பாட்டால் தங்களுக்கு வருமானம் எதுவும் வரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். அந்த வழக்கைத் தீர்ப்பது நம் வேலை இல்லை. 'சுயாதீனம்' என்ற சொல்லை மட்டும் நம்பாமல், தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

சரி, நாம் என்ன செய்யலாம்? நான் செய்து பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

முதலில், உள்ளூர்ப் பாட்டு ஒன்றை ஒலிக்கவிட்டு மாணவர்களையே வரிகளைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். தனியாக வெளியிடும் பலர் வரிகளைத் தமிழ் எழுத்தில் தருவதில்லை. ல, ள, ழ சண்டை தானாக வரும். பிறகு மூன்று கேள்வி போதும்: இதில் யார் யாரிடம் பேசுகிறார்? அவர் நிஜத்தில் இப்படிப் பேசுவாரா? எந்த வரி வேறு பாட்டிலிருந்து வந்தது மாதிரி இருக்கிறது? மூன்றாவது கேள்விக்கு என் மாணவர்கள் என்னைவிட வேகமாகப் பதில் சொல்கிறார்கள்.

இரண்டாவது, படைப்பாளர் பெயர். 2021 நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கும் நம் பதிப்புரிமைச் சட்டம், படைப்பைப் பொதுவில் பயன்படுத்தும்போது படைத்தவரையும் நிகழ்த்தியவரையும் குறிப்பிட வேண்டும் என்கிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றை, லாப நோக்கமில்லாப் பள்ளிகள் மூலத்தைக் குறிப்பிட்டுப் பாடத்துக்குப் பயன்படுத்தவும் அதில் வழி உண்டு. நிபந்தனைகளைப் பள்ளியில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்லைடில் 'நன்றி: யூடியூப்' என்று போடுகிறோமே, யூடியூப் எந்தப் பாட்டையும் எழுதவில்லை.

மூன்றாவது, பிடித்திருந்தால் காசு கொடுத்து வாங்குங்கள். பிடிக்கவில்லை என்றால் ஏன் என்று சொல்லுங்கள். இரண்டும் மரியாதைதான். உள்ளூர்ப் படைப்பு என்பதற்காக முதுகில் தட்டிக்கொடுத்து அனுப்பிவிடுவதுதான் அவமதிப்பு.

போன மாதம் அந்தச் சந்துப் பக்கம் போனேன். கேசட் கடை இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசி உறை விற்கிறார்கள். பாட்டுகள் எல்லாம் அந்தத் தொலைபேசிக்குள் போய்விட்டன. "ரெண்டு பாட்டுதான் தேறும்" என்று சொல்கிற ஆள் மட்டும் எங்கே போனார் என்று தெரியவில்லை. உங்கள் வகுப்பிலும் ஒரு பிள்ளை தொலைபேசியை நீட்டிக்கொண்டு வரலாம். பேனாவைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டு, முதலில் ஒருமுறை முழுதாகக் கேளுங்கள்.