இணையாத காணொளிக் கருவிகள்: இரு தரமுறைகள், ஒரு மதிப்பீடு

வெவ்வேறு நிறுவனங்களின் காணொளிக் கருவிகள் இரண்டு, ஒன்றையொன்று அழைக்கின்றன. இணைப்பு கிடைக்கிறது, ஒரு பக்கம் மட்டும் படம் இல்லை. உடனே இணைய வேகத்தின் மேல் பழி விழுகிறது. ஒரு தரமுறை பழுதை எவ்வளவு நேர்மையாகக் காட்டிக்கொடுக்கிறது என்பதும் அதன் தகுதியில் அடங்கும். காணொளி அழைப்புத் தரமுறைகளான எச்.323, எஸ்ஐபி இரண்டையும் இந்த அளவுகோலால் யாரும் போதிய அளவு எடைபோடவில்லை.

1996-இல் வந்த எச்.323 கட்டுக்கோப்பானது. 1720 போர்ட்டில் அழைப்பு தொடங்கும். பிறகு இரு கருவிகளும் தத்தம் திறன்களைச் சொல்லிக்கொள்ளும். அதன்பின் ஒலிக்கும் படத்துக்கும் தடங்கள் திறக்கும். எந்தப் படியில் நின்றது என்று தெரிந்தால் பாதிப் பழுது பிடிபட்டுவிடும். ஆனால் அதன் செய்திகள் இரும வடிவில் இருப்பதால், வயர்ஷார்க் போன்ற பகுப்பாய்வு மென்பொருளின் துணையில்லாமல் படிக்க இயலாது.

1999-இல் வந்து 2002-இல் திருத்தி எழுதப்பட்ட எஸ்ஐபியின் செய்திகள் உரைவடிவில் இருப்பவை. 488 என்று விடை வந்தால் எதிர்முனைக்கு நம் ஊடக நிபந்தனை ஒத்துவரவில்லை; பொதுவான கோடெக் உண்டா, ஒரு பக்கம் குறியாக்கத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அழைப்பு எடுத்தபின் சரியாக 32 நொடியில் அறுகிறதா? எடுத்தவர் அனுப்பிய 200 என்ற விடைக்கு ஒப்புதல் திரும்பி வரவில்லை. பதிவைத் திறந்தால் அந்த விடையின் தொடர்பு வரியில் 192.168 எனத் தொடங்கும் உள்முகவரி இருக்கும். வெளியே இருப்பவரின் ஒப்புதல் அந்த முகவரிக்கு எப்படி வந்து சேரும்? இவ்வளவு துல்லியமான தடயத்தைக் கொடுக்கும் எஸ்ஐபிதான் பழுது தேடுவோருக்கு மேலானது. ஒழுங்கில் அது தாழ்ந்தது: ஒரே விதியை ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாகப் படிக்க இடம்விட்டது.

இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. அதை மன்னிப்பது கடினம். கருவியின் முகவரியைச் செய்தியின் உள்ளேயே எழுதுகின்றன; மேலே கண்டதுபோல் அது உள்முகவரியானால் வெளியே இருந்து எட்ட முடியாது. பல கருவிகளை ஒரே வெளிமுகவரிக்குப் பின்னால் வைக்கும் நாட் முறை 1994-லேயே ஆவணமாக வெளிவந்துவிட்டது. அறியாமை என்று சொல்ல வழியில்லை. எச்.323-க்கு எச்.460.18, 19 என்ற நீட்சிகளும், எஸ்ஐபிக்கு 2010-இல் நாட் தடையைத் தாண்டும் ஐஸ் முறையும் காலந்தாழ்ந்தே வந்தன. இடையில் ரவுட்டர்கள் 'எஸ்ஐபி ஏஎல்ஜி' என்ற பெயரில் தாமாகவே செய்தியைத் திருத்தப் புகுந்து, நல்ல அழைப்புகளையும் கெடுத்தன. ஒருபக்கப் படம் என்றால் முதலில் இந்த ஏஎல்ஜியை அணைத்துப் பார்ப்பது இன்றும் சரியான முறை.

2021-இல் முழுத் தரமுறையான, உலாவிகளுக்கான வெப்ஆர்டிசி ஐஸைக் கட்டாயமாக்கி நாட் சிக்கலைப் பெரும்பாலும் தீர்த்தது. ஆனால் அழைப்பு விடுக்கும் முறையை வரையறுக்காமலே விட்டது. அதனால் ஜூம், டீம்ஸ், வெபெக்ஸ் ஒவ்வொன்றும் தனித் தீவு. பழைய அறைக் கருவி உள்ளே நுழைய இடையில் மொழிபெயர்க்கும் ஒரு கேட்வே வேண்டும். அந்த கேட்வேயின் பதிவு பெரும்பாலும் வாடிக்கையாளர் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. கருவியோ சேவையோ வாங்குவோர், அழைப்புப் பதிவை முழுதாகத் திறந்து தருவதை ஒப்பந்த நிபந்தனையாகவே கேளுங்கள்.